சமையலறை நேர்காணல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதியோர் இல்லத்து வேலையில் ஆட்களைத் தூக்கி உட்கார வைத்து இடுப்பு ஒடிகிறது என்றாயே, இப்போது தேவலையா. இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரி எழுதித்தான் எனக்குப் பழக்கம், கையும் அதை எழுதத்தான் போனது, பிடித்து நிறுத்திவிட்டேன். அந்த வரியை இந்தத் தடவை எழுத முடியாது கண்ணு. பொட்டலத்தில் இருக்கிற நேர்காணல் கோட்டை அப்புறம் மாட்டிப் பார்க்கலாம், முதலில் இதைப் படி. நின்றுகொண்டு படிக்காதே, கட்டிலிலோ நாற்காலியிலோ உட்கார். அறைத் தோழி பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும், போகச் சொல்லாதே. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் அப்பா ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், ஸ்பீக்கரில் போடு என்கிறார், எல்லாரும் நல்லா இருக்கோம் நீ படிக்கிற வேலையைப் பாருன்னு அவரே சொல்லிப் போனை வைத்தும் விடுகிறார். கோட்டுப் பொட்டலத்தில் கடிதமும் வருகிறது என்று அவருக்குத் தெரியாது.

உனக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்க வேண்டும், மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்குப் பழகும்போது நீதானே சொல்லிக் கொடுத்தாய். உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அப்பாவுக்கு மஞ்சள் காமாலை, மருந்து சாப்பிடுகிறார், டிரைவிங் ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் என் உயிரை வாங்குகிறார். நாங்கள் சொன்னதும் அவ்வளவுதான். அடுத்தது, இனி சொல்லப்போவது நல்ல சேதி இல்லை என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன். இப்போது விஷயம். அப்பாவுக்கு வந்திருப்பது வெறும் காமாலை இல்லை. கணையத்தில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டது, அறுத்து எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வருஷக் கணக்கு இல்லை, மாதக் கணக்குதான் என்றார்கள்.

சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்றாய். காகிதத்தில் எப்படிக் காத்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். நீயும் குடி.

முதலில் கண்டுபிடித்தது என் கைதான். லாண்டரிக் கடையில் ஊரார் துணிக்கெல்லாம் ஆல்டரேஷன் செய்கிறவளுக்கு இடுப்பளவு ஏமாற்றுமா. அவருடைய சாம்பல் நிற பேன்ட்டைப் பிடித்துத் தைத்தேன், கொஞ்ச நாளில் மறுபடி லூசாகிவிட்டது என்று கொண்டு வந்தார், மறுபடி பிடித்தேன், மூன்றாம் தடவை பின்பாக்கெட் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. இளைச்சா அழகுதானே, பொண்ணு பார்க்கப் போறேன்னு அதற்கும் ஒரு கிண்டல். அப்புறம் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரித்து, முதுகு வலிக்கிறது என்று இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார ஆரம்பித்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், ரிசல்ட் வாங்கப் போனோம்.

அந்தக் காரிடாரை நீ பார்க்க வேண்டும். நாற்காலிகளை வரிசையாக ஒரே இரும்புச் சட்டத்தில் முடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒருவர் எழுந்தால் வரிசையே ஆடுகிறது. உள்ளே அறையில் வேறு யாரையோ படுக்க வைத்திருந்ததால் டாக்டர் வெளியே வந்தார். சின்னப் பிள்ளை, உன் வயசுதான் இருக்கும், கண் சிவந்து கிடந்தது, ஒரு ஷூவில் நாடா அவிழ்ந்து தொங்கியது, பாக்கெட்டில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நின்ற வாக்கிலேயே ரிப்போர்ட்டைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா. நகர்ந்து இடம் விட்டு, பக்கத்து நாற்காலியைத் தட்டி, உக்காருங்க டாக்டர் என்றார். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை, பரவாயில்லை சார், நான் நிக்கிறேன் என்றது. இவர் விடுவாரா, கியர் போடத் தெரியாமல் போடுகிறவனை நிறுத்துவாரே அதே மாதிரி கையைக் காட்டி, இல்ல டாக்டர், நீங்க உக்காரணும், உக்காந்துட்டு எனக்கு என்ன தெரியும்னு முதல்ல கேக்கணும் என்றார். வீட்டில் மகள் பழகினதைத்தான் உலகத்தில் எல்லா டாக்டரும் செய்வார்கள் என்று நம்பிக்கொண்டு வந்த மனுஷன். எனக்கு மானம் போயிற்று. சுற்றி இருந்தவர்களெல்லாம் பார்க்கிறார்கள்.

ஆனால் அந்தப் பிள்ளை உட்கார்ந்தது. உங்களுக்கு என்ன தெரியும் சார்னு கேட்டது. அப்பா, காமாலைன்னு நினைச்சிட்டிருக்கேன், மாத்திரை சாப்பிட்டா போயிடும்னு நினைச்சிட்டிருக்கேன் என்றார். டாக்டர் தன் ஷூவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிறுத்தவில்லை, பயத்திலோ என்னவோ காமாலை இறங்கக் குழாய் வைக்கிறது, வலி மருந்து, அடுத்த வாரம் எந்த மாடி எந்த அறை என்று மளமளவென்று பேசிக்கொண்டே போனார். அப்பா தலையாட்டினார். எனக்கு டாக்டர் முகம் தெரியவில்லை, அப்பாவுடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தனக்கென்று இருக்கிற பிரேக்கை மிதிப்பாரே, வீட்டில் டிவியில் கார் வந்தாலும் தரையை மிதிப்பாரே, அந்தக் கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. செருப்பு வளைந்துவிட்டது. உள்ளேயிருந்து டாக்டரைக் கூப்பிட்டார்கள், சாரி சார்னு எழுந்து ஓடினார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நாளைக்கு நீயும் இப்படித்தான் தின்னாமல் தூங்காமல் யாருக்கோ இடி விழுகிற சேதி சொல்லிக்கொண்டு ஓடுவாய் என்று தோன்றியது.

அவர் போன பிறகும் அப்பா எழுந்திருக்கவில்லை. மருந்துக் கவுன்டரில் கூட்டம் சேருகிறது, வாங்க என்றேன். இரு, இன்னும் முடியல என்றார். என்ன முடியல என்றேன். என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, நீ மணி அடிக்கலையே என்றார். எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது, அழவில்லை, கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டி வந்தேன்.

போன லீவில் நீ வந்திருந்தபோது அடித்த கூத்தெல்லாம் அப்போதிலிருந்து என் கண்ணிலேயே நிற்கிறது. மருத்துவக் கல்லூரி நேர்காணல் என்றால் ஒரு மேஜை, எதிரே நாலு பெரியவர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீதான் சொன்னாய், வரிசையாக அறைகள் இருக்கும், கதவுக்குக் கதவு ஒரு தாள் ஒட்டியிருக்கும், மணி அடித்தால் உள்ளே போக வேண்டும், மறுபடி அடித்தால் வெளியே வந்து அடுத்த கதவு என்று. உடனே இந்த மனுஷன் வீட்டையே காலேஜாக்கிவிட்டார். படுக்கையறையில் கோபக்கார நோயாளியாக உன் அத்தை, முன்னறையில் ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்கிற பேராசிரியராக அவரே, அப்புறம் ஓடிப்போய்ச் சமையலறை நாற்காலியில் கெட்ட சேதி கேட்கிற நோயாளியாகவும் அவரே. எவர்சில்வர் தட்டும் கரண்டியும் என் கையில், நான்தான் மணி. அத்தைக்கு நடிப்பு நிஜமாகிப்போய், கல்யாணத்தில் எனக்குப் பின்வரிசையில் சீட்டுப் போட்டீங்களே என்று பழைய பஞ்சாயத்தையெல்லாம் இழுத்து உன்னிடம் கத்தியது நினைவிருக்கிறதா. நீ சிரிக்காமல், நீங்க கோபப்படறது எனக்குப் புரியுதுன்னு ஒப்பித்தாய். அப்பா கெட்ட சேதி கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிவார், இல்லாவிட்டால், அப்போ டாக்டர், வீட்டு வேலையிலேர்ந்து எனக்கு விடுதலைதானே என்பார். ஒழுங்கா பண்ணுப்பா என்று நீ கத்துவாய். ஒரே ஒரு தடவை ஒழுங்காகப் பண்ணினார். நீ சொல்லி முடித்ததும், இதை வீட்ல அவகிட்ட எப்படிம்மா சொல்றது என்று கேட்டார். நான் நேரம் ஆவதற்கு முன்னாலேயே தட்டில் அடித்துவிட்டேன். உடனே எழுந்து டீ போடு என்றார்.

உனக்குச் சொல்லக் கூடாது என்பது அவருடைய உத்தரவு. நேர்காணல் முடியட்டும், இப்போ சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா, போன வருஷம் மாதிரி ஆயிடும் என்கிறார். போன வருஷம் நேர்காணலில், கெட்ட சேதி சொல்கிற அறையில் நோயாளியாக நடித்த அம்மாள் அழுததும் நீயும் அழுது, மணி அடிக்கும் முன்னே எழுந்து வெளியே வந்துவிட்டாய். அதில்தான் போயிற்று என்று நீயே சொன்னாய். அதற்கு முந்தின வருஷம் கூப்பிடவே இல்லை. இதுதான் கடைசித் தடவை, இனிமேல் விண்ணப்பிக்க மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறாய். எல்லாம் எனக்கும் தெரியும். இருந்தும் எழுதுகிறேன். குடும்பத்திடம் மறைத்தால் என்ன என்று அத்தை கேட்டதற்கு, மறைச்சா அப்புறம் நாம சொல்ற எதையுமே நம்ப மாட்டாங்க அத்தைன்னு நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. எனக்குத் தனியாகத் தாங்கவில்லை. கடையில் இஸ்திரி போடுகிறவர் தினமும், என்னம்மா, பொண்ணு டாக்டர் ஆயாச்சா என்று கேட்கிறார், ஆகும் ஆகும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மெஷினை ஓட்டிக்கொண்டு அழுகிறேன். அத்தை வந்தால் எனக்கு முன்னால் அது அழுகிறது, அதற்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறது.

மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நம்பிக்கை இல்லை. மண்ணையும் பாறையையும் படித்துப் பட்டம் வாங்கினவளுக்கு நல்ல கம்பெனி வேலை இருந்தது, அதை விட்டுவிட்டு இந்த வயசில் மறுபடி அரிச்சுவடியா என்று ஆரம்பத்திலிருந்தே நான் கத்தியவள். அப்பாதான் உன் பக்கம். உனக்கு இடம் கிடைக்கும் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. கிடைத்து நீ படித்து வெளியே வருகிற அன்றைக்கு, பார்க்க வேண்டியவர் இருக்கப் போவதில்லை. அப்புறம் யாருக்காக இதெல்லாம் என்றுதான் இருக்கிறது. யாராவது நல்ல வார்த்தை சொன்னால் எரிச்சல்தான் வருகிறது. ஆனால் காலையில் எழுந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, கோட்டுக் கை முடிஞ்சுதா என்பது. அதற்கு என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை, அதனால் முடித்துவிட்டேன். யாரோ வெளுக்கப் போட்டுவிட்டு வாங்க வராமலே போன கோட்டு, முதலாளியம்மா நீயே எடுத்துக்கோ என்றார். தோளைக் குறைத்திருக்கிறேன், கை மணிக்கட்டோடு நிற்கும், லைனிங் புதிது, பட்டனை உள்ளே தள்ளித் தைத்திருக்கிறேன். உள்ளே தையலுக்குத் துணி விட்டிருக்கிறேன், நீ சதை போட்டால் பிரித்துக்கொள்ளலாம். பொட்டலத்தைக் கட்டியது அப்பாதான். நூலை இழுத்துக் கட்டக் கையில் வலு இல்லை, கவனிக்காத மாதிரி நான் முடிச்சின் மேல் விரலை வைத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை நான் அடுப்படியில் கிளறிக்கொண்டிருந்தேன், அவர் அதே சமையலறை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்க வலி. கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், போதும்டி, மணிய அடிச்சுடேன், எழுந்துக்கறேன் என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். என் கையில் கரண்டி இருந்தது, தட்டும் எதிரிலேயே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முன்னறைக்குப் போன பிறகு அந்தத் தட்டைத் துடைத்து மேல் அலமாரியில் பெரிய பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். இப்போது வேறு தட்டில்தான் சாப்பிடுகிறோம்.

இதைப் படித்ததும் வண்டி பிடித்து வந்துவிடாதே. நேர்காணலுக்குப் போ, முடிந்ததும் ஒரு நாள்கூடத் தங்காமல் நேரே வீட்டுக்கு வா. உனக்குத் தெரியும் என்று அப்பாவிடம் போனில் காட்டிக்கொள்ளாதே, வந்த பிறகு நீயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு என்ன தெரியும்னு கேளுப்பா என்று சொல். நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், நினைத்தது உனக்கு நடக்க வேண்டும், நம்பிக்கை இல்லாதவள் கொடுக்கிற ஆசீர்வாதம்தான், இருந்தாலும் பெற்றவள் கொடுப்பது, வாங்கிக்கொள். போகும் முன் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போ. அந்த அறையில் உனக்கு எதிரே உட்கார்ந்து கெட்ட சேதி கேட்கப் போகிறவர் யாராக இருந்தாலும் உன் கண்ணுக்கு அப்பாவாகத்தான் தெரிவார். தெரியட்டும். அழுகை வந்தால் அங்கேயே உட்கார்ந்து அழு. மணி அடிக்கிற வரைக்கும் எழுந்திருக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா