கிளி வெரட்டுற மைக்

தம்பி வேல்பாண்டிக்கு, கூடப் பொறந்த அக்கா சுருளியம்மா எழுதிக்கிட்டது.

மொதல்ல இதப் படி, பெறகு மத்ததப் படி. பக்கத்துத் தோட்டத்துக் கருத்தக்கண்ணண்ணன் உசுரோட இருக்காக. ஏணியிலருந்து விழுந்தவுக கண்ணு சொருகிக் கெடக்கவும், முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சு நீ ஓடிட்ட. ஜீப்புல தூக்கிப் போட்டுக் கொண்டு போகயிலயே முழிச்சுட்டாக. வலது தோள்ல எலும்பு ஒடஞ்சிருக்கு, தலையில தையல் போட்ருக்கு. நீ கொலகாரன் இல்ல. இத இன்னொரு தடவ படிச்சுக்க. படிச்சுட்டு ஒரு செம்பு தண்ணி குடி, பெறகு மேக்கொண்டு படி.

ஒனக்குப் போன் போட்டுப் போட்டு என் வெரலு தேஞ்சதுதான் மிச்சம். சுவிட்ச் ஆப், சுவிட்ச் ஆப்புன்னு ஒரு பொம்பள சொல்லிக்கிட்டே இருக்கா. நல்ல பொம்பள, கோவமே வராது போல. அப்சல் தம்பி இல்லையா, நம்மூரு பொம்பளைகள ஏலக்காத் தோட்டத்துக்கு ஜீப்புல ஏத்திட்டுப் போறவரு, அவருதான் வந்து சொன்னாரு. அக்கா, ஒங்க தம்பிய மேல எஸ்டேட்டுல ஏலக்கா காயப்போடுற ஸ்டோருல பாத்தேன், தாடியும் முடியுமா கெடக்கான், அங்கன டவரு கெடையாதுன்னாரு. வாய்வார்த்தையாச் சொல்லி விடலாம்தான். ஆனா அந்த ஜீப்புல ஏறுற ஒவ்வொருத்தியும் ஒரு ரேடியோப் பொட்டி. கம்பத்துல நான் வாயத் தொறந்தா, ஜீப்பு மலை மெட்டு ஏறுறதுக்குள்ள சேதி குமுளிக்குப் போயிரும். அதான் அறிவொளி வகுப்புல படிச்ச எழுத்தக் கூட்டிக் கூட்டி எழுதுறேன். எழுத்து கோணலா இருந்தா நீ தலையச் சாச்சுப் படிச்சுக்க.

ஆஸ்பத்திரியில எப்படி விழுந்தீகன்னு கேட்டாக. போலீசுக்கு எழுதி அனுப்பணுமாம். மதினி பக்கத்துலதான் நிக்கிது. அண்ணன் என்ன சொன்னாக தெரியுமா? கிளி வெரட்டுற மைக்க ஒசரமாக் கட்டலாம்னு ஏறுனேன், ஏணி வழுக்கிருச்சுன்னாக. அம்புட்டுத்தான். மதினி வெளிய வந்து என்னையப் பிடிச்சுக்கிருச்சு. ஒன் தம்பி ஏணியப் பிடிச்சு ஆட்டுனத என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன், இந்த மனுசன் பொய் சொல்றாரு, அவரு சொன்னா நான் வாய மூடிக்கிட்டு இருக்கணுமான்னு கத்துச்சு. நான் அங்கிட்டு நகந்துட்டேன். பேசுனா அது ஒசரும், நான் ஒசருவேன், நர்ஸ்சு வந்து ரெண்டு பேரையும் வெளிய தள்ளும்.

அண்ணன்ட்ட தனியாக் கேட்டேன், ஏண்ணே அப்படிச் சொன்னீகன்னு. பங்காளிச் சண்டைய கோர்ட்டுல போட்டுட்டு நானும் அவனும் உத்தமபாளையத்துக்கும் தேனிக்கும் பஸ்ஸேறிக்கிட்டே இருந்தா, பந்தல்ல தொங்குற திராட்சைய யாரு வெட்டுறது, கோர்ட்டுக்காரன் வந்து வெட்டுவானாங்கிறாக. அந்த மனுசன் பேச்சே அப்படித்தான, நல்லது செஞ்சாலும் ஏசுன மாதிரிதான் இருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு நான் தெனம் போறேன். அங்கன இருக்குறதுக்கு நீ இருக்குற காடே மேலு. மேல சுத்துற காத்தாடி சுத்துக்கு ஒரு தடவ கிறீச்சுங்குது. பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன், குடல்வால் ஆப்பரேசன் பண்ணவன், போன நெஞ்சு மேல வச்சுக்கிட்டு வீடியோ பாக்குறான். ஒண்ணயாவது முழுசாப் பாப்பான்னா இல்ல. பாட்டு ஆரம்பிக்கும், தள்ளுவான், எவனோ சிரிப்பான், தள்ளுவான். தம்பி கொஞ்சம் சத்தத்தக் கொறைய்யான்னேன். கொறைச்சுத்தான்க்கா வச்சிருக்கேங்கிறான். இதுல மதினி வேற. நான் கொண்டு போற சோத்து வாளியக் கையால வாங்காது. கீழ வையின்னு தரையக் கண்ணால காட்டும். நான் கீழ வச்சுட்டு இங்கிட்டுத் திரும்புனதும் எடுத்து அவுகளுக்கு ஊட்டும். ஊட்டிட்டு ரசத்துல உப்பு கம்மின்னு காத்தாடிகிட்டச் சொல்லும். எனக்கு உள்ளுக்குள்ள சுருசுருன்னு வரும். சரி, புருசன் படுத்துக் கெடக்கான், பேசிட்டுப் போகுதுன்னு விட்டுருவேன்.

வீட்டுல வீரலட்சுமியும் ஒன் பிள்ளையும் என்கூடத்தான் இருக்காக. பிள்ளை நல்லா இருக்கா. அப்பா எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போயிருக்குன்னு சொல்லி வச்சிருக்கோம். வீரலட்சுமிதான் சாப்பிட ஒக்காந்தா தட்டப் பாத்துக்கிட்டே இருக்கு. ஒன் மச்சான் எப்பவும் போலத்தான். கட்டில்ல ஒக்காந்து காலாட்டுறது, டீய ஊருக்கே கேக்குற மாதிரி உறிஞ்சுறது. நேத்து அவரு உறிஞ்சுன உறிஞ்சுல எனக்குப் பொறுக்கல. ஏங்க, டம்ளரையும் சேத்து உள்ள இழுத்துராதீகன்னேன். அவரு சிரிச்சுட்டு, ஒங்க குடும்பத்துக்கே காது கேக்குறதுதான் வியாதின்னாரு. நானும் சிரிச்சுட்டேன். சிரிச்ச பெறகுதான் ஒன் ஞாவகம் வந்து எந்திரிச்சுப் போயிட்டேன்.

ஒண்ணு சொல்றேன் தம்பி. நீ செஞ்சத சரின்னு சொல்ல மாட்டேன். ஆனா எனக்குப் புரியாம இல்ல. மோட்டாருக்குக் கரண்டு ராத்திரிலதான் விடுறான். நீ ராவெல்லாம் பந்தலுக்குத் தண்ணி கட்டிட்டு, வெளுத்த பெறகு வந்து படுப்ப. நீ படுக்கவும் அவுக மைக்கப் போடவும் சரியா இருக்கும். ஏய் ஹோய், ஓடு ஓடு, வந்தேன்னா தெரியும்னு அவுக பேசிப் பதிஞ்சு வச்ச சத்தம், பெறகு தகரத்தத் தட்டுற சத்தம், பெறகு ஒரு இருமல். பதியிறப்ப இருமியிருக்காக, அதையும் சேத்துப் பதிஞ்சு வச்சுட்டாக. மறுபடி ஏய் ஹோய். பொழுது அடையிற வரைக்கும் இதேதான். நீ ஒரு நா என்கிட்டச் சொன்ன, அக்கா, ஏய் ஹோயக்கூடத் தாங்கிருவேன், அந்த இருமல் எப்ப வரும் எப்ப வரும்னு காத்துக் கெடக்கேன் பாரு, அதான் தாங்க முடியலன்னு. நான் அப்ப சிரிச்சேன். பெரிய கஷ்டம் வந்தா மனுசன் நாலு பேருகிட்டச் சொல்லி அழுதுருவான். இருமலப் போயி யாருகிட்டச் சொல்றது.

நீயும் கேக்காம இல்ல. மைக்கு மூஞ்சிய அங்கிட்டுத் திருப்புங்கன்னு தன்மையாத்தான் கேட்ட. அவுக என்ன சொன்னாக? கிளி பூராம் ஒன் எலவ மரத்துலதான்டா குடியிருக்கு, ஒன் பக்கம் பாத்துத்தான் கத்தணும், வேணும்னா மரத்த வெட்டுன்னாக. மரத்த வெட்ட மாட்டேன்னு நீ. திருப்ப மாட்டேன்னு அவுக. கடேசில அவுக ஏணி போட்டு அத இன்னும் ஒசரத்துல கட்டப் போகவும், நீ பாதித் தூக்கத்துல எந்திரிச்சு ஓடி, எறங்கு எறங்குன்னு ஏணிய ஆட்டிட்ட. எறங்க வைக்கத்தான் ஆட்டுன. விழ வைக்க ஆட்டல. அது எனக்குத் தெரியும்.

அவுகளோட விழுந்து மைக்கு ஒடஞ்ச பெறகு தோட்டம் எப்படிக் கெடந்துச்சு தெரியுமா? செத்த வீட்டுல பொணம் எடுத்த மறுநாள் மாதிரி. நானும் அப்பாடான்னு இருந்தேன். மறுநாள் காலையில போயிப் பாத்தா, அண்ணன் பந்தல்ல மட்டுமில்ல, ஒன் பந்தல்லயும் கிளி எறங்கிக் குலை குலையாக் கொதறிப் போட்ருக்கு. ஏலே, அந்த மைக்கு இம்புட்டு நாளும் ஒன் தோட்டத்துக்கும் சேத்துத்தான் கத்தியிருக்கு. ஒனக்கும் தெரியல, அவுகளும் சொல்லிக் காட்டல. நானும் வீரலட்சுமியும் தகரத்த வச்சுத் தட்டிக்கிட்டு ரெண்டு தோட்டத்துலயும் மாறி மாறி ஓடுனோம். கிளி என்னையப் பாத்துட்டு மெதுவா, பக்கத்துக் கொடிக்கு மாறி ஒக்காருது. ஒரு மட்டு மரியாத கெடையாது.

பெறகு அண்ணன் மகன் தமிழ்மாறன் கோயமுத்தூர்லருந்து லீவு போட்டு வந்துட்டான். தேனியில புதுப் பொட்டி வாங்கிட்டு வந்து, பழசுல இருந்த, சத்தம் பதிஞ்ச கார்டையே அதுல போட்டுட்டான். இப்ப மறுபடியும் அதே சத்தம் கேக்குது. ஏய் ஹோய், ஓடு ஓடு, வந்தேன்னா தெரியும். தகரம். இருமல். மைக்கு போட்ட அன்னைக்கு மதினி ஆஸ்பத்திரியிலருந்து துணி மாத்த வந்துச்சு. பந்தலுக்குக் கீழ போயி நின்னுச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு. ஒவ்வொரு இருமலுக்கும் அது தலை ஒரு ஆட்டம் ஆடும். நான் பாத்துட்டுப் பாக்காத மாதிரி வந்துட்டேன்.

மதினி எதுக்கு அப்படி நின்னுச்சுன்னு நீ கேப்ப. அதத்தான் எழுதணும்னு ஒக்காந்தேன், பேனா எங்கெங்கயோ போயிருச்சு. பயப்படாமப் படி.

அண்ணன் நாலஞ்சு நாளா நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாக. பெறகு தலை வலிக்குது, தலை வலிக்குதுன்னாக. முந்தாநாள் நான் சோறு கொண்டு போனப்ப என்னையப் பாத்து, ஆத்தா, மாட்டத் தண்ணிக்கு விட்டியான்னு கேட்டாக. அவுக ஆத்தா செத்து எம்புட்டு வருசமாச்சு, வீட்டுல மாடு ஏது. தூக்கக் கலக்கம்னு நெனச்சேன். நேத்து தமிழ்மாறன டேய் நீ யாருடான்னு கேட்டுட்டாக. அவன் வெளிய போயி செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னான். இன்னைக்குக் காலையில தேனிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாக. தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்காம். எடுத்துறலாம், எடுத்துறலாம்னுதான் சொல்றாக. டாக்டர்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.

மதினியோட தம்பி காமராஜ் சின்னமனூர்லருந்து வந்துட்டான். அவன் குணம் ஒனக்குத் தெரியும், கோழி குறுக்க போனாலும் கேஸ் போடுறவன். அவரு தலையில அடிபட்டுத்தான் ஒளறியிருக்காரு, ஏணி வழுக்கல, அவன்தான் தள்ளுனான், போலீசுல எழுதிக் குடுப்போம்னு மதினிகிட்ட ஓதிக்கிட்டு இருக்கான். மதினி சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. இன்னைக்குத் தேனி வண்டியில ஏறுறப்ப மட்டும் என்னைய நேருக்கு நேராப் பாத்துச்சு. அந்த மனுசன் ஒன் தம்பிக்காகத்தான பொய் சொன்னாரு, அவன் அவரு மூஞ்சியில வந்து முழிக்கக்கூட மாட்டானா, முழிச்சா நான் எம் தம்பிய ஊருக்கு அனுப்பி வச்சுருவேன்னுச்சு. அது ஏசுனதா, கேட்டதான்னு எனக்கு இன்னும் பிடிபடல. கேட்டதுன்னுதான் எடுத்துக்கிட்டேன்.

இன்னொண்ணு. நம்ம பங்காளிகளுக்குள்ள சண்டை வந்தா பெரியவன் சின்னவனுக்குக் குலசாமி துன்னூறப் பூசி விடணும். பூசிட்டா அதோட முடிஞ்சுச்சு, பெறகு அதப்பத்தி எவனும் பேசக் கூடாது. காமராஜென்ன, அவுக அப்பனே வந்தாலும் பேசக் கூடாது. புத்தி தெளிவா இருந்த அன்னைக்கு அண்ணனே துன்னூறு கேட்டாக. தமிழ்மாறன் கொண்டாந்து குடுத்தான். தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டு, வரட்டும் அந்தப் பயன்னாக. வலது கைதான் கட்டுல கெடக்கே, எப்படிண்ணே பூசுவீகன்னு கேட்டேன். எடது கையின்னா சாமி என்ன கோவிச்சுக்கிறவா போகுதுன்னாக. தேனிக்குக் கொண்டு போறப்ப நான் அந்தப் பொட்டலத்த எடுத்து அவுக சட்டப் பையில வச்சு விட்டேன். அவுகளுக்கு அது என்னன்னு தெரியல. தடவிப் பாத்துட்டு விட்டுட்டாக.

அதனால நீ வா. இந்தச் சீட்ட அப்சல் கையில குடுத்து விடுறேன். அவரு சாயந்தரம் ஆளுகள எறக்கத் திரும்புற ஜீப்புலயே ஏறிரு. பின்னாடி எடம் இல்லைன்னா தொங்கிட்டாவது வா. பொம்பளைக என்னமாச்சும் கேப்பாளுக, காச்சல்னு சொல்லிக்க. வீட்டுக்கு வர வேணாம், கம்பம் பஸ்டாண்டுல எறங்கு. நான் அங்கன நிப்பேன். நேரா ரெண்டு பேரும் தேனிக்குப் போயிருவோம். அங்கன யாரு என்ன பேசுனாலும் நீ வாயத் தொறக்காத. மதினி அறைஞ்சாலும் வாங்கிக்க. காமராஜ் கையப் பிடிச்சா குடுத்துரு. நீ செய்ய வேண்டியது ஒண்ணுதான். அந்தக் கட்டில்கிட்டப் போயி, குனிஞ்சு, நெத்தியக் காட்டு.

அவுக ஒன்னைய அடையாளம் கண்டுக்கிருவாக. என்னையத் தெரியாட்டியும் ஒன்னையத் தெரியும்.

குலசாமி துணை இருக்கட்டும். ஜீப்பு வளைவுல பாத்துப் பிடிச்சுக்கிட்டு வா. சீட்டு கெடச்ச அன்னைக்கே வா சாமி, கையத் தூக்குறதுக்கு அவுகளுக்குத் தெம்பு இருக்குறப்பவே வந்துரு.

இப்படிக்கு,
பஸ்டாண்டுல காத்துக்கிட்டு நிக்கப் போற
ஒன் அக்கா சுருளியம்மா