பிணைப் பிள்ளைகள்

மாசி 4

பொடியன் இன்று லாயத்துக் கூரையில் இன்னொரு பொத்தல் போட்டுவிட்டான். சோம்பல்தான் முறித்தான். இடது சிறகு ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டு வெளியே போய்விட்டது. லாயக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "இவனுக்குப் பொடியன்னு பேர் வெச்ச புண்ணியவான் யாரு?" என்றார். நான்தான். மழலை பேசும் வயதில் வைத்தது. அப்போது அவன் ஒரு பழக்கூடைக்குள் அடங்குவான்.

சத்தம் கேட்டு அம்மா இறங்கி வந்தார். அரசிக்கு ஓட்டையைப் பற்றிக் கவலையே இல்லை. அளவுநாடாவை எடுத்துச் சிறகை நுனிவரை அளந்தார். நாடாவைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனார். படியேறும்போது முகத்தில் ஒரு சிரிப்பு.

அது எதற்கென்று எனக்குத் தெரியும். பொடியனுக்கு முழுச் சிறகு விரிந்தால் அக்கா வீட்டுக்கு வருவாள். டிராகன்களோடு நடந்த போர் முடிந்தபோது (அப்பா இறந்ததும் அதில்தான்) போட்ட உடன்படிக்கை அது. அவர்கள் பிள்ளை நம்மிடம் பிணை, நம் பிள்ளை அவர்களிடம் பிணை. அந்தக் குஞ்சு எல்லை மலையைத் தாண்டிப் பறக்கும் அளவுக்கு வளர்ந்ததும் இரண்டு பிள்ளைகளும் அவரவர் தாயிடம். அக்காவுக்கு அப்போது ஆறு வயது. நான் அம்மா வயிற்றில்.

பார்த்தே இராத ஒருத்திக்காக ஏங்க முடியுமா? முடிகிறது. ஜடை பின்னிவிட, சண்டை போட, "இரு, அம்மாகிட்ட சொல்றேன்" என்று மிரட்ட ஓர் ஆள் இல்லாமலே பதினாறு வயது ஆகிவிட்டது எனக்கு.

மாசி 9

மழை. பொடியன் தும்மினான். வைக்கோல் போர் போச்சு.

மாசி 21

அளவு சரியாக வந்துவிட்டது. கோபுரத்தில் பச்சைப் புகை போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் மலையிலிருந்து பதில் புகை. அடுத்த மாதம் பிறந்ததும், கணவாயில் வைத்து மாற்றிக்கொள்வது என்று முடிவு.

அக்காவுக்குத் துணி தைக்க என்னை நிற்கவைத்து அளவு எடுத்தார்கள். "இவளைவிட ஒரு பிடி உசரமா இருப்பா" என்றார் அம்மா.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"உங்கப்பா வாகு அவளுக்கு." பிறகு தையல்காரரிடம், "எதுக்கும் ஓரத்துல கொஞ்சம் துணி விட்டே தைங்க" என்றார். பெற்ற பெண்ணின் உயரம் தெரியாது என்பதை அதற்கு மேல் எப்படிச் சொல்வது? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் லாயத்துக்குப் போய்ப் பொடியன் கழுத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே ஆட்டின் பால் புகட்டினார்களாம். அக்கா வரணும். இவன் போகக் கூடாது. ரெண்டும் வேணும்னா எப்படி? பேராசைதான். தெரியுது. தெரிஞ்சு என்ன பண்ண?

பங்குனி 2

கணவாயிலிருந்து திரும்பிவிட்டோம். தூங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலையில் பனி விலகியதும் அவர்கள் வந்தார்கள். பொடியனின் தாய் இறங்கியபோது எங்கள் குதிரைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. அவளை இனிமேல் பெரியவள் என்றுதான் எழுதப்போகிறேன், அத்தனை பெரிய உருவம். அவள் கழுத்திலிருந்து ஒரு பெண் வழுக்கி இறங்கினாள். வெயிலில் கறுத்த முகம், தோல் உடுப்பு, வெறுங்கால். உயரம் அம்மா சொன்ன மாதிரியேதான்.

அம்மா இரண்டு கைகளையும் நீட்டினார். அக்கா வரவில்லை. பெரியவளின் முன்னங்காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் பொடியன் என் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தான். தலைகூட மறையவில்லை. அவனைப் பெற்ற தாய் கூப்பிடுகிறாள், அவன் என் சால்வையைப் பல்லால் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அமைச்சர்தான் கடைசியில், "நேரம் ஆகுதுங்க" என்றார். நான் சால்வையைக் கழற்றி அவனிடமே விட்டுவிட்டேன். "போடா, அம்மா கூப்பிடறாங்க" என்றேன். நாலடி போவான், திரும்பிப் பார்ப்பான். பெரியவள் குனிந்து முதலில் அவனை முகர்ந்தாள். பிறகு என்னிடம் வந்து என் கைகளை வெகுநேரம் முகர்ந்தாள். சூடான மூச்சு. அவள் பிள்ளையின் வாசம் என் கையில் இருந்திருக்கும்.

திரும்பும் வழி முழுக்க அக்கா வாயே திறக்கவில்லை. அம்மா அவள் கையை விடவே இல்லை.

பங்குனி 8

அக்கா பேசிவிட்டாள்.

அவளுக்குத் தெரிந்தது ஆறு வயதுப் பேச்சுதான். அதற்கப்புறம் பேச ஆள் இல்லையே. சபையில் எல்லோர் முன்னாலும், "அம்மா, எனக்குத் தூக்கம் தூக்கமா வருது. நீ வா" என்றாள். அரசியை யாரும் நீ என்று கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகிறது. அமைச்சர் இருமினார். அம்மா சபையைப் பாதியிலேயே விட்டு எழுந்து, அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் மெத்தையில் படுக்கமாட்டேன் என்கிறாள். மேல்மாடத்துக் கல்தரையில்தான் படுக்கை. தட்டில் வைப்பது அப்படியே இருக்கிறது.

நானும் சாப்பிடவில்லைதான். என்னை யார் கவனிக்கிறார்கள்?

பங்குனி 13

லாயத்தில் கூரையைப் பூசிவிட்டார்கள். ஓட்டை இருந்த இடம்கூடத் தெரியவில்லை.

பங்குனி 15

காலி லாயத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரை முகர்ந்தாள். "தம்பி வாசனை" என்றாள்.

தம்பி. பொடியனைத்தான் சொல்கிறாள். எனக்கு முதலில் சுருக்கென்றது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு என்னவோ அழுகையாக முடிந்தது. அவள் என் தலையைத் தன் நெஞ்சில் வைத்து உள்ளுக்குள் ஒரு முனகல் போட்டாள். பொடியன் தூங்கும்போது வரும் அதே அதிர்வு. டிராகன்கள் அப்படித்தான் பேசிக்கொள்ளுமாம்.

"அங்க உன்னை எப்படிப் பார்த்துக்கிட்டாங்க?" என்று கேட்டேன்.

"அடிக்கவே மாட்டாங்க. எனக்குக் காய்ச்சல் வந்துது. அந்த அம்மா வேட்டைக்கே போகலை. பட்டினி கிடந்தாங்க."

நிமிர்ந்தால் வாசலில் அம்மா. 'அந்த அம்மா' என்ற சொல் காதில் விழுந்திருக்கிறது. அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

பங்குனி 18

அக்கா விடியற்காலையில் கோட்டைக்கு வெளியே நடந்து போயிருக்கிறாள், மலையைப் பார்த்தபடி. ஆற்றங்கரையில் பிடித்துக் கூட்டிவந்தார்கள். இப்போது அவள் அறைக்கு வெளியே பூட்டு. அம்மாவின் உத்தரவு.

நான் நேரே அம்மாவிடம் போனேன். இப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

"பொடியனைக்கூட நாம பூட்டி வெச்சதில்லைம்மா."

"அவ என் பொண்ணு. பத்து மாசம் சுமந்து பெத்தேன்."

"அவங்களும்தான் பொடியனைப் பெத்தாங்க. அவனும் அங்க நம்மளை நெனச்சு அழுதுட்டிருக்க மாட்டானா? அவனையும் அவங்க பூட்டி வெச்சா?"

"உனக்கு அந்த மிருகம்தான் பெருசா?"

"எனக்கு ரெண்டு பேருமே கிடைக்கலைம்மா."

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. உட்கார்ந்துவிட்டார். "அவ வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சேன்" என்றார், என்னிடம் அல்ல, யாரிடமோ.

பங்குனி 22

பொடியன் வந்தான்.

நடுப்பகலில் மணி அடித்தார்கள். மதில்மேல் வில்லாளிகள் ஓடினார்கள். மாற்று முடிந்த பிறகு எல்லை தாண்டும் டிராகனை எய்யலாம் என்று உடன்படிக்கையிலேயே இருக்கிறது. அவனுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? வீட்டுக்கு வருகிறான், அவ்வளவுதான். கழுத்தில் என் சால்வை, கந்தலாக.

நான் மதிலேறி முன்னால் நின்றுகொண்டேன். வில்லாளிகளின் தலைவன், "தள்ளிப் போங்க இளவரசி" என்று கத்தினான். பொடியனுக்குப் பின்னால் மலைப்பக்கம் ஒரு பெரிய நிழல் தெரிந்தது. பெரியவள். பிள்ளையைத் துரத்திக்கொண்டு அவளும் எல்லை தாண்டிவிட்டாள். அடுத்த நொடி என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு அம்பு போதும், மறுபடியும் போர்தான்.

"வில்லை இறக்குங்க."

அம்மா. மூச்சு வாங்க நின்றிருந்தார். கையில் அக்காவின் அறைச் சாவி, கூடவே அக்கா. "பிள்ளையைத் தேடி வர்றா. எனக்குத் தெரியாதா அது?" என்றார். பிறகு காவல் யாரும் இல்லாமல், வாயிலைத் திறக்கச் சொல்லி மைதானத்துக்கு நடந்தார்.

இரண்டு தாய்மார்களும் எதிரெதிரே நின்றார்கள். பெரியவள் முனகினாள். அக்கா நடுவில் நின்று, தனக்குத் தெரிந்த ஆறு வயதுப் பேச்சில் சொன்னாள்:

"அவன் சாப்பிடவே மாட்டேங்கறானாம். சும்மா சும்மா அழறானாம். உங்க வீட்டுக்கு வந்த பாப்பா சாப்பிடுதான்னு கேக்கறாங்க."

அரச காரியம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா அழுதுகொண்டே சொன்னார்: "சாப்பிடலைன்னு சொல்லும்மா. எனக்கும் என்ன பண்றதுன்னு தெரியலைன்னு சொல்லு."

அதற்குள் பொடியன் என்னை நக்கிக் கீழே தள்ளிவிட்டான்.

பங்குனி 29

பேசி முடிவாகிவிட்டது. இனி யாரும் யாருக்கும் பிணை இல்லை. வருவதும் போவதும் அவரவர் விருப்பம்.

அக்கா கிளம்பிவிட்டாள். போவதற்கு முன் அவளாகவே அம்மா மடியில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். "நான் வருவேன். நீ அழாத" என்றாள். பொடியனும் தாயோடு போனான். அவனும் மலையில் வேட்டை பழக வேண்டுமே. கூரை இடிக்கிற இடத்தில் எத்தனை காலம் இருப்பான்?

சந்தோஷம்தான். வீடு மட்டும் ரொம்பப் பெரிதாகிவிட்டது.

சித்திரை 7

கோபுரத்தின் கூம்பைப் பிரித்துவிட்டு உச்சியில் தளம் போடச் சொல்லியிருக்கிறார் அம்மா. காலையிலேயே கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு மேலே போய்விட்டார். உயரமென்றால் தலைசுற்றும் என்று உப்பரிகைக்குக்கூட வராதவர்.

"எவ்வளவு அகலம் வேணும்மா?" என்று கொத்தனார் கேட்டார்.

"பொடியனும் அவன் அம்மாவும் தாராளமா இறங்கணும்." மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஓரமா ஒரு கைப்பிடிச்சுவர் கட்டுங்க. நானும் இவளும் நின்னு வழி பார்த்துட்டிருக்கணும்."