மீசைக்காரரின் உடல்நிலை

மார்ச் 3, திங்கள்

இன்று சம்பள நாள். அதாவது, மௌன வாசிப்பு நாள்.

வருங்கால வரலாற்று ஆசிரியர்கள் குறித்துக்கொள்க: காலையில் சம்பளக் கவர் கைக்கு வந்ததும் இந்த அயல்நாட்டில் நாங்கள் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் பள்ளியின் எல்லா வகுப்பறைகளிலும் ஒரே உத்தரவு. "புத்தகத்தை எடுங்க, மனசுக்குள்ள படிங்க." பிள்ளைகள் தலை குனிந்த அடுத்த கணம், ஆசிரியப் பெருமக்கள் பின்வாசல் வழியாக ஓட்டம். தெருமுனையில் பணம் அனுப்பும் கடை. மத்தியானம் அதிகாரிகள் டாலருக்குப் புது விலை போடுவதற்குள் அவரவர் ஊருக்கு அனுப்பிவிட வேண்டுமாம். மூன்று பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் காட்சி இருக்கிறதே!

நான் ஓடவில்லை. நான் வாத்தியார், பந்தயக் குதிரை அல்ல. தவிர, நான் ஓடினால் இந்த ஊரில் நிலநடுக்கம் என்று ரேடியோவில் சொல்லிவிடுவார்கள்.

நெட்டையன் மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். பக்கத்து வகுப்பு வாத்தியார், என் அறைத் தோழன். அவன் கட்டிலில் படுத்தால் கால் அடுத்த ஜில்லாவில் கிடக்கும்.

"அண்ணே, சம்பளம்னா ஐஸ்கட்டி. கையில வச்சு அழகு பாக்கக் கூடாது."

"தம்பி, மீசைக்காரர் தடுக்கி விழுந்திருக்கார். எந்திரிச்சிடுவார். எந்திரிச்சதும் மொத்தமா அனுப்புவேன். நீங்கள்லாம் அன்னிக்கு மூக்குல விரலை வைப்பீங்க."

மீசைக்காரர் என்றால் இந்த ஊர்ப் பண நோட்டில் இருக்கும் பெரியவர். என்ன மீசை! அதில் இரண்டு பிள்ளைகளை ஊஞ்சல் ஆட்டலாம். அப்படிப்பட்ட மீசை கீழேயே கிடந்துவிடுமா?

மார்ச் 9, ஞாயிறு

தங்கச்சி பேசினாள். வாலுவுக்கு அடுத்த வருஷ ஃபீஸ் ஜூன் பத்துக்குள் கட்ட வேண்டுமாம். வாலு தங்கச்சி மகள், என் மருமகள். பிசியோதெரபி, மூன்றாம் வருஷம் போகப் போகிறாள். அவள் அப்பா போய்ச் சேர்ந்த அன்று, "படிப்பு என் பொறுப்பு, ஒருத்தரும் வாயைத் திறக்கப்படாது" என்று பந்தலுக்குக் கேட்கும்படி அறிவித்த மகான் அடியேன்தான்.

"கட்டிடுவியாண்ணே? கஷ்டம்னா சொல்லு."

"ஃபீஸ் என்ன ஃபீஸ்? காலேஜையே வாங்கிப் போட்டுடறேன். பேர் என்ன வைக்கலாம்னு மட்டும் யோசிச்சு வை."

தங்கச்சி சிரித்தாள். பின்னால் வாலுவின் குரல்: "மாமா, வாங்கறதுதான் வாங்கறீங்க, பிரின்சிபாலை மாத்திடுங்க!"

மார்ச் 27

மீசைக்காரருக்கு ஜலதோஷம். இன்னும் கொஞ்சம் இறங்கினார்.

ஏப்ரல் 2, புதன்

மறுபடி சம்பளம். மறுபடி மௌன வாசிப்பு. என் வகுப்பில் மட்டும் பாடம் நடந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி கவலையோடு கேட்டாள், சார், உங்களுக்கு மட்டும் சம்பளம் வரவில்லையா என்று.

நேற்று டிவியில் மத்திய வங்கித் தலைவர் பேசினார். கோட்டும் சூட்டும். "நோட்டின் மதிப்பைக் காப்போம், பதற வேண்டாம்" என்றார். அவ்வளவு நல்ல துணியில் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மனுஷன் பொய் சொல்வானா?

கவரை மாவு டப்பாவில், போன மாதக் கவருக்கு மேலே வைத்தேன். நெட்டையன் டப்பாவையே பார்த்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 14

கேக் வெட்டினார்கள். டைரக்டர் அம்மாள் எழுந்து, விலைவாசியை முன்னிட்டு எல்லோருக்கும் நூற்றுக்குப் பத்து சம்பள உயர்வு என்றார். கை தட்டினோம். கேக் வாய்க்குள் போவதற்குள் நெட்டையன் போனில் அன்றைய ரேட்டைக் காட்டினான். கூட்டிய பத்து போய், அதற்கு மேலும் போயிருந்தது. சம்பளம் ஏறிய அன்றே இறங்கிய முதல் மனித இனம் நாங்கள்தான். எங்களுக்குச் சிலை வைக்க வேண்டும். கேக் நன்றாகத்தான் இருந்தது.

வகுப்பில் இடமே இல்லை. எல்லோரும் இந்த ஊரை விட்டுப் போக இங்கிலீஷ் படிக்க வருகிறார்கள். நான் இந்த ஊருக்கு வந்தது அவர்கள் போவதற்காக.

மே 2, வெள்ளி

மூன்றாவது கவர். ஓடலாமா என்று கால் ஒரு தரம் கேட்டது. இத்தனை நாள் காத்தாயிற்று, இப்போது மாற்றினால் அத்தனையும் நஷ்டம். இன்னும் ஒரு வாரம். டப்பாவை மூடினேன்.

மே 6, செவ்வாய்

அரசாங்கம் மீசைக்காரரைக் கைவிட்டது. இனிமேல் தாங்கிப் பிடிக்க மாட்டோம், சந்தை பார்த்துக்கொள்ளட்டும் என்று காலையில் அறிவிப்பு. மத்தியானத்துக்குள் பாதி போய்விட்டது. சாயங்காலம் அதிலும் பாதி.

அறிவித்தது அதே கோட்டுதான்.

மூன்று மாதம் தொண்டை கிழியக் கத்தினேன். இப்போது அது ஒரு மாதம் கூடக் கத்தாதவனுடைய சம்பளம். ஏன்டா மடையா, ஓடியிருந்தா என்னடா? கூப்பிடு தூரம்டா அது! பெரிய இவன் மாதிரி — பந்தயக் குதிரை இல்லையாம். யாரைக் கேட்டு அந்தப் பொண்ணு ஃபீஸை டப்பாவுல போட்டு வச்ச? உன் காசா அது?

மே 7

ஓடிப் போய் அனுப்பினேன். இல்லை, பொய். நடந்துதான் போனேன். இனி எதற்கு ஓடுவது. மொத்தத்தையும் அனுப்பினேன். வாலுவின் காலேஜ் பஸ் கட்டணத்துக்குச் சரியாக இருக்கும்.

மே 19, திங்கள்

நெட்டையன் போகிறான். வேறு நாட்டில் வேலை கிடைத்துவிட்டது, முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள்தான் வேண்டுமாம். எனக்கு ஐம்பத்துமூன்று.

"நான் சொன்னேன்ல அண்ணே" என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். பாவி, சொல்லவில்லை. கிளம்பும்போது தன் குடையை என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனான். அறை இப்போது ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கிறது. வாடகையும்.

மே 30

வகுப்பில் நான்கு பேர். வெளிநாடு போகும் பரீட்சைக்கு ஃபீஸ் டாலரில். அதைக் கட்ட முடியாதவர்கள் இங்கிலீஷை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? முன்வரிசைப் பெண்ணும் நின்றுவிட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

தங்கச்சி போனை எடுத்ததும் நான்தான் முந்தினேன். இங்கே காசு கொட்டுகிறது, பேங்க்காரன் எண்ணி முடிக்கத்தான் தாமதம் என்று ஆரம்பித்தேன். வாலு போனை வாங்கிக்கொண்டாள்.

"மாமா, நான் இந்த வருஷம் போகல. ஸ்கேன் சென்டர்ல சேந்துட்டேன். டோக்கன் குடுக்கற வேலை."

"யாரைக் கேட்டுச் சேந்த? மாமா ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல—"

"மாமா. நானும் தினம் ரேட் பாக்கறேன். மார்ச்லேர்ந்து."

வாலு பாடம் எடுக்கிறாள். எனக்கு!

"அப்ப ஏண்டி, உடனே அனுப்புங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க காலேஜையே வாங்கறேன்னீங்க. அம்மா சிரிச்சா மாமா. அப்பா போனப்பறம் அப்படிச் சிரிச்சதே இல்ல. எப்படிச் சொல்றது?"

அடுத்த வருஷம் சீட்டு இருக்குமா என்று கேட்டேன். பாக்கலாம்னாங்க மாமா, எழுதிக் குடுக்கல என்றாள். டோக்கன் கொடுக்கிற இடத்தில் ஃபேன் இருக்கிறதாம். அதை இரண்டு தரம் சொன்னாள்.

ஜூன் 10

இன்று ஃபீஸ் கட்டக் கடைசி நாளாக இருந்தது.

ஜூன் 27, வெள்ளி

டைரக்டர் அம்மாள் கூப்பிட்டார். இந்த முறை கேக் இல்லை, இனி வேலையும் இல்லை. ஊருக்குப் போக டிக்கெட் விசாரித்தேன். டாலர் கணக்கு. என் கடைசிச் சம்பளத்தில் விமானத்தின் ஏணி வரை ஏறலாம். தங்கச்சியிடம், "விமானத்தையே வாங்கலாம்னு..." என்று தொடங்கினேன். முடிக்கவில்லை.

அவளும் சிரிக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

தெருமுனைக் கடைக்குப் போனேன். ஒரு பக்கம் அனுப்பும் வரிசை. நம் பள்ளியில் மிச்சமிருக்கும் இரண்டு பேர் மூச்சிரைக்க நின்றார்கள், வகுப்பில் மௌன வாசிப்பு நடந்துகொண்டிருக்கும். நான் அடுத்த ஜன்னலுக்குப் போனேன். அங்கே வரிசையே இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு முதுகு கூட இல்லை. கடைக்காரப் பெண் பழக்கத்தில் அனுப்பும் சீட்டை நீட்டினாள். இல்லை, ஊரிலிருந்து வந்ததை வாங்க வந்தேன் என்றேன்.

வாலுவின் முதல் சம்பளமும் தங்கச்சியின் வளையல் ஒன்றை விற்ற காசும். ஊரில் அது சின்னத் தொகை. இங்கே கட்டுக் கட்டாக வந்தது, ஒவ்வொரு கட்டிலும் மீசைக்காரர். பை கொள்ளவில்லை.

டிக்கெட் ஆபீஸ் மூன்று தெரு தள்ளி. மத்தியானம் புது விலை போட்டுவிடுவார்கள்.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

நிலநடுக்கம் ஒன்றும் வரவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.