காலியாகத் திரும்பும் பஸ்

இன்று காலை ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் அந்த பஸ் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நீலம் போய் வெள்ளை அடித்திருந்தார்கள். நம்பர் பிளேட் அதேதான். ஜன்னலோரம் ஒரு பெண் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். உன் காலை நசுக்கிய பஸ், மச்சான்.

மறைமலை நகர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து தாம்பரத்தில் நீ இறங்கும்போது அது நகர்ந்தது. இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்ததால் நஷ்டஈடு முழுவதும் பஸ் முதலாளி தலையில் விழுந்தது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசி, கேட்டதில் பாதிக்கு நீ ஒப்புக்கொண்டாய். "கம்மியா இருந்தாலும் கைக்கு வந்தா ரெண்டாவது ஆபரேஷன் பண்ணிக்கலாம்டா" என்றாய். முதலாளி கையெழுத்துப் போட்டார், கையும் கொடுத்தார். பணம் தருவதாகச் சொன்ன கெடு முடிந்த பிறகு அவர் போனை எடுக்கவில்லை. ஆபரேஷனில் உன் கால் எலும்போடு வைத்த பிளேட்டைச் சுற்றிச் சீழ் பிடித்தது.

பஸ்ஸை ஜப்தி செய்ய உத்தரவு வாங்கினாய். கோர்ட் அமீனாவோடு தாம்பரம் ஸ்டாப்பில் காத்திருந்தோம். பத்திரிகைக்காரனாகவும் உன் நண்பனாகவும் நான் வந்திருந்தேன். ஷிப்டுக்குப் போகும் பெண்களோடு பஸ் வந்தது.

"எல்லாரும் எறங்குங்கம்மா, வண்டி ஜப்தி" என்றார் அமீனா.

"இன்னா சார், ஒரு நாள் போனா அட்டெண்டன்ஸ் போனஸே காலி" என்றாள் ஒருத்தி.

அந்த போனஸுக்காகக் காய்ச்சலோடு வேலைக்குப் போனவன் நீ. "இவங்கள கம்பெனி கேட்ல விட்டுட்டு வரட்டும் சார். டிரைவர் நம்ம பையன்தான்" என்றாய்.

"யோவ், போன வண்டி திரும்பாது. மனு போட்டவன் நீ, யோசிச்சுக்கோ" என்றார் அமீனா.

"வந்துடுவேண்ணா" என்றான் டிரைவர்.

டீ குடித்தோம். வெயில் ஏறியது. பஸ் வரவில்லை. "உன்ன மாதிரி உத்தமன் இருக்கசொல்ல அந்த மொதலாளிக்கு இன்னாய்யா கவலை" என்று சொல்லிவிட்டு அமீனா போனார். மறுநாளிலிருந்து அந்த வழியில் வேறு வண்டி ஓடியது. நீ மறுபடி மனு போட்டாய். அது விசாரணைக்கு வருவதற்குள் சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது. பணம் இன்றுவரை வரவில்லை. வாரிசாக உன் மனைவி கோர்ட்டுக்கு அலைகிறாள்.

பச்சை விழுந்ததும் பஸ்ஸின் பின்னாலேயே போனேன். மேடவாக்கத்தில் ஓர் அலுவலக வாசலில் துப்புரவு வேலைக்கு வந்த பெண்களை இறக்கிவிட்டது. நம்பரைப் போனில் போட்டுப் பார்த்தேன். வண்டி இன்னும் அதே முதலாளி பெயரில்தான் இருக்கிறது. உன் மனைவியை அழைத்துச் சொன்னேன்.

"லாயர்கிட்ட சொல்லிடுறேண்ணா. ஆனா ஆளுங்க இருக்கும்போது புடிக்க வேணாம், அவர மாதிரி நானும் விட்டுடுவேன். எறக்கிட்டு காலியா திரும்புதுல்ல, அப்ப புடிக்கச் சொல்லலாம்."

ஜப்திக்குக் காத்திருந்த அன்று எனக்குச் செய்தி எதுவும் கிடைக்கவில்லை. ஒரு படம் மட்டும் இருக்கிறது. பஸ் புறப்படுகிறது. நீ ஒரு கையால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதைப் போகச் சொல்கிறாய். போன் மாற்றும்போதெல்லாம் முதலில் அந்தப் படம் வந்துவிட்டதா என்றுதான் பார்க்கிறேன்.