வெர்ன் போட்டுக் கொடுத்தான்

பிப்ரவரி 21, செவ்வாய்

பள்ளி விட்டுத் திரும்பும் வழியில், ஓடைக்கு முன்னால் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கியது. பேருந்தை ஓரங்கட்டி, மிட்டாய்களை வாயில் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். "ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் முன் சீட்டுச் சிறுமி மெய்ஸி. ஈமுப் பறவை குறுக்கே வருகிறது என்றேன். வராத ஈமுவைப் பிள்ளைகள் எல்லாரும் தேடினார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது வெர்னிடம் நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். என் புருஷனுக்குச் சிரிப்பு வரவில்லை. "யாருகிட்டயும் மூச்சு விடாதே" என்றேன். தலையாட்டினான்.

மார்ச் 1, புதன்

நாளை டாக்டர் ஹாலரன் கணினித் திரையில் என்னைப் பார்க்க வருகிறாள். இன்சுலின் போடுகிற நான் பள்ளிப் பேருந்து ஓட்டலாம் என்று வருடா வருடம் அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவள் பிரிஸ்பேனில். என் கையில் ஒட்டியிருக்கும் வில்லை சர்க்கரை அளவை அவளுக்கு அனுப்பிவிடும். ஆனால் நான் எங்கே இருந்தேன் என்பது அதற்குத் தெரியாது.

மார்ச் 2, வியாழன்

போட்டுக் கொடுத்துட்டான்.

"இருபத்தொண்ணாம் தேதி சாயங்காலம் சர்க்கரை ரொம்ப எறங்கியிருக்கே க்ளெனிஸ், அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். அவள் குறித்துக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தேன். அதுவரை ஓரமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வெர்ன் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தான்.

"துணியெல்லாம் இல்ல டாக்டர். பஸ்ஸுல. பிள்ளைங்க உள்ள இருந்துச்சு."

போன வருஷம் எங்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனவன் யாரென்று தெரிந்தும் போலீஸிடம் வாயைத் திறக்காதவன் இவன். போட்டுக் கொடுக்கிறவனோடு எவனும் உட்கார்ந்து பீர் குடிக்க மாட்டான் என்று எனக்குச் சொன்னவனும் இவன்தான். திருடனைக் காப்பாத்துவே, பொண்டாட்டியைக் காப்பாத்த மாட்டியா? நான் என்ன, அந்தத் திருடனைவிடக் கேவலமா?

மார்ச் 3, வெள்ளி

டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. பேருந்துச் சாவியைக் கொடுத்துவிட்டேன். பெட்ரோல் கடை லோர்னா ஓட்டப் போகிறாள். "கொஞ்ச நாளைக்குத்தான், க்ளென்" என்றாள். பாவம், பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

"இன்னும் எத்தனை நாள் பேசாம இருப்ப?"

"நீதான் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிட்டியே."

"அந்தப் பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா —"

பிள்ளைகள்! எனக்கு அக்கறை இல்லையா? என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. வீட்டுக்குள்ள கத்தியிருக்கலாம், தட்டை உடைச்சிருக்கலாம். எவளோ ஒருத்தி முன்னாடியா?

மார்ச் 20, திங்கள்

ஒன்றுமில்லை. மழையும் இல்லை.

மார்ச் 28, செவ்வாய்

சாயங்காலம் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். கண் விழித்தால் தரையில் கிடக்கிறேன், வாயெல்லாம் மண். இந்த முறை கை நடுங்கவே இல்லை. முன்கூட்டி ஒன்றுமே தெரியவில்லை. தட்டுத்தடுமாறி உள்ளே போய்ச் சர்க்கரையை அள்ளித் தின்றேன். வாசலுக்கு வந்தபோது வேலிக்கு அப்பால் பேருந்து போனது. லோர்னா ஹாரன் அடித்தாள். மெய்ஸி ஜன்னல் வழியே கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

வெர்ன் என் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தான். "என்னாச்சு?"

"கால் தடுக்கிடுச்சு."

நம்பினானோ என்னவோ, மருந்து போட்டுவிட்டான். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சாவியை இனிக் கேட்க மாட்டேன். அவனை மன்னிக்கவும் மாட்டேன்.