எந்த ஸ்பீக்கரைத் திருப்பி அனுப்புவது

உங்களைத்தான்.

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. நான் ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன்.

ஹாலில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் நிற்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். நேற்று கடையில் நீங்கள் பெரியது என்றீர்கள், நான் சின்னது என்றேன். உடனே "உன் இஷ்டம்"னு சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டீர்கள். இரண்டுமே பாதி விலை. சேல்ஸ்மேன் என் முகத்தையே பார்க்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ரெண்டையும் வீட்ல போட்டுப் பாருங்கம்மா. பிடிக்காததை நாளைக்கு சாயங்காலம் ஆள் விட்டு எடுத்துக்கறோம்"னார்.

காலையில் நீங்கள் போன பிறகு வந்து இறங்கியதிலிருந்து மாற்றி மாற்றிக் கேட்கிறேன். பெரியது நன்றாக இருக்கிறது. சின்னதும் நன்றாக இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் நின்று "இதுல பேஸே பத்தல"ன்னு சொன்னால்தானே, அதுதான் வேண்டும் என்று எனக்குத் தோன்றும்! திரைச்சீலையிலிருந்து ஃபிரிட்ஜ் வரை இப்படித்தான் வாங்கியிருக்கிறேன் போல.

ஆள் வருவதற்குள் நீங்களே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கட்டி வையுங்கள்.

அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

இன்னொன்று. எதை வைத்தாலும் நான் வந்து "அது நல்லால்ல"ன்னுதான் சொல்வேன். அப்போது தயவுசெய்து "உன் இஷ்டம்"னு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.