அவசரத்துல வச்ச பேரு

இயேசு மரி சூசை துணை

விவேக் நகர், பெங்களூர்
12.2.1997

என் அண்ணன் பெத்த அன்பு மருமக ஜெசிந்தாவுக்கு பவுலின் அத்தை எழுதிக்கிறது. பாலன் இயேசு புண்ணியத்துல நான் சுகம். நீ, மாப்ள, பிள்ள சூசை எல்லாரும் சுகமா இருக்கணும்னு வியாழக்கிழமை தவறாம நவநாள் ஜெபத்துக்குப் போய் முழங்கால் போடறேன். முழங்கால்தான் இப்ப என்னத் திட்டுது.

எத்தன கடுதாசி போட்டுட்டேன், ஒண்ணுக்கும் பதிலக் காணோம். பெரம்பூர் போஸ்ட்மேன் மேல பழியப் போட்டு மனசத் தேத்திக்கறேன். மாடி வீட்டு லட்சுமம்மா குழாயடியில பாக்கறப்பல்லாம், "மகு ஹேகிதே பவுலினம்மா?"ன்னு பிள்ளய விசாரிக்கறா. "சென்னாகிதே, நல்லா இருக்கான்"னு சொல்லிட்டுக் குடத்தத் தூக்கிட்டு வந்துடறேன். எனக்கு என்ன தெரியும்? கழுத்து நின்னுச்சா? வலிப்பு மறுபடி வந்துச்சா? கட்டவிரல உள்ள மடக்கிக் கைய இறுக்கிக்குவானே, இப்பவாச்சும் விரிக்கறானா? ஒரு வயசு முடிஞ்சிடுச்சு, இங்க ஆஸ்பத்திரியிலேருந்து தூக்கிட்டுப் போனதோட சரி, அப்புறம் என் கண்ணுல காட்டல நீ. ஒருநாள் வந்து பாத்துட்டுப் போகவா கண்ணு?

உன் அத்தை
பவுலின்


பெரம்பூர், சென்னை
26.2.1997

அத்தைக்கு,

கடுதாசி எல்லாம் வந்துச்சு. போஸ்ட்மேன் மேல தப்பில்ல. நான்தான் எழுதல.

பையன் பேரு ஆல்வின். சூசைன்னு எழுதாதீங்க. அவன் பிறந்ததும் அழல. நீலமாக் கிடந்தான், மூஞ்சில பை வச்சு மூச்சு குடுத்துட்டு இருந்தாங்கன்னு பின்னாடிதான் சொன்னாங்க. நான் மயக்கத்துல இருந்தேன். முழிக்கறதுக்குள்ள நீங்க தண்ணி ஊத்தி, சூசைன்னு பேரு வச்சு ஞானஸ்நானம் குடுத்து முடிச்சுட்டீங்க. ஆபத்துல யாரு வேணா குடுக்கலாம்னு கோயில் சாமியாரே சொன்னாரு, சரி. ஆனா அத்தன புனிதர் இருக்கறப்போ, நல்ல சாவுக்கு வேண்டிக்கற சூசையப்பர் பேருதான் கிடைச்சுதா? நான் தூக்கிப் பாக்கறதுக்கு முன்னாடியே என் பிள்ளய வழியனுப்பிட்டீங்க.

மூளைக்கு ஆக்சிஜன் போகாம இருந்ததாலதான் கால் விறைக்குது, தலை நிக்கலன்னு இங்க டாக்டரம்மா சொல்றாங்க. போனது திரும்பாதாம். பயிற்சி குடுத்தா மிச்சத்த வச்சுக் கொஞ்சம் கொஞ்சமாப் பழகிக்குவானாம். அதுக்கே நாள் சரியாப் போகுது. நீங்க வர வேணாம்.

ஜெசிந்தா


இயேசு மரி சூசை துணை

விவேக் நகர்
5.3.1997

ஜெசி கண்ணு,

உன் கடுதாசியக் கையில வச்சுட்டு உக்காந்துட்டேன், அடுப்புல பருப்பு தீஞ்சு கரி. லட்சுமம்மா மாடியிலேருந்து மூக்கப் பொத்திட்டு ஓடியாந்தா.

நல்ல சாவுன்னு எழுதியிருக்க. சத்தியமா அது என் நினப்புலயே வரலடி. உனக்கு மயக்கம், மாப்ள ரத்தம் வாங்க ஓடிட்டாரு. ஆஸ்பத்திரி கன்னியாஸ்திரி சிஸ்டர் என்னக் கூப்பிட்டு, ஞானஸ்நானம் குடுக்கறதுன்னா இப்பவே குடுங்கன்னாங்க. நர்ஸ் பொண்ணு பைய அழுத்திக்கிட்டே இருக்கா. பிள்ள தக்காளி நெறமா இருக்க வேண்டியவன், நாவப்பழமாக் கிடக்கறான். அள்ளித் தூக்கிட்டு ஓட ஒரு ஆள் இல்லையேன்னு நெஞ்சு அடிச்சுக்குச்சு. கொல்லத் தேடுன ராஜாகிட்டேருந்து காப்பாத்த, தான் பெறாத பாலன் இயேசுவ வாரி எடுத்துட்டு எகிப்துக்கு ஓடுனவரு யாரு, சூசையப்பர்தான? அவரு பேருதான் வாயில வந்துச்சு. அனுப்பி வைக்க இல்ல கண்ணு, தூக்கிக்க.

எனக்குன்னு வயித்துல ஒண்ணும் தங்கல. அடுத்தவங்க பிள்ளயத் தூக்கித்தான் இந்தக் கைக்குப் பழக்கம். இப்ப இடுப்பு சும்மாவே கிடக்கு.

ஆல்வின்னே சொல்றேன். நாக்கு கொஞ்சம் சுளுக்கிக்குது, பழகிடும். வரவேணாம்னா வரல. சிரிக்கறானா, அத மட்டும் எழுது.

பவுலின்


பெரம்பூர்
19.3.1997

அத்தை,

சிரிக்கறான். மிக்ஸி போட்டாச் சிரிக்கறான். சட்னியே வேணாங்கற அன்னிக்கும் அவங்கப்பா சும்மா ஓட்டிக் காட்டறாரு.

பயிற்சிக்கு பஸ்ல போறேன். ஒரு கை தலைக்கு, ஒரு கை காலுக்கு. கம்பியப் பிடிக்கக் கை இல்ல. லால்பாக் எக்ஸ்பிரஸ்ல ஏறி வந்துடுங்க, அவரு ஸ்டேஷனுக்கு வருவாரு.

ஆல்வின்னு கூப்பிட்டா இன்னும் திரும்பல. நீங்க வச்ச பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க.

ஜெசி